‘ஊம்ம்ம்...’ யாரோட சத்தம்?

‘‘சார், சிப்காட் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். மூணு பேரும் காசு சேர்த்து ஒரு டாக் வாங்கினோம். ராஸ்பெர்ரி பை-யை ஸ்ட்ரீமரா மாத்தி, பழைய மானிட்டர், ஆக்டிவ் ஸ்பீக்கர் எல்லாம் கனெக்ட் பண்ணிட்டோம். பாட்டு பிரமாதமா வருது. ஆனா, பாட்டு நின்னதும் பின்னாடி ‘ஊம்ம்ம்’னு ஒரே சத்தம். ‘பக்கத்துல இரும்பு உருக்குற ஃபர்னஸ் இருக்கு, அதான்’னு ரூம்மேட் சொல்றான். சீனியர் ஒருத்தர், ‘ஸ்பீக்கர் பிளக்ல இருக்கிற பெரிய பின்னை வெட்டிடு, சத்தம் போயிடும்’னு சொல்றார். வெட்டலாமா?’’

கும்மிடிப்பூண்டியில இருந்து வந்த கேள்வி. முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில்: வெட்டாதீங்க பாஸ்! கட்டிங் பிளேயரைக் கீழே வெச்சுட்டு மீதியைப் படிங்க.

சீனியர் சொன்னதுல ஒரு வில்லங்கம் இருக்கு. வெட்டினா சத்தம் நிஜமாவே போயிடும்! அதனாலதான் இந்த யோசனை வருஷக்கணக்கா ஹாஸ்டல் ஹாஸ்டலா சுத்திட்டு இருக்கு. அந்தப் பெரிய பின்தான் எர்த். ஸ்பீக்கருக்குள்ள ஒரு வயர் கழன்று மெட்டல் பாடியில பட்டுச்சுன்னா, கரன்ட் அந்தப் பின் வழியா மண்ணுக்குப் போய், ஃபியூஸோ டிரிப் ஸ்விட்ச்சோ விழுந்து உங்களைக் காப்பாத்தும். பின் இல்லேன்னா 230 வோல்ட்டும் ஸ்பீக்கர் பாடியில உட்கார்ந்துட்டு, நீங்க வந்து தொடறதுக்காகக் காத்திருக்கும். ஆர்.சி.ஏ. கேபிள் வழியா டாக், பை, ஹெட்போன் வரைக்கும் அது வரும். குளிச்சுட்டு ஈரக் காலோட வந்து வால்யூமைத் திருகுற ஆளை நினைச்சுப் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். டாக்னா வேற ஒண்ணுமில்லை. பாட்டு ஃபைல்ல இருக்கிற எண்களை ஸ்பீக்கருக்குப் புரியற மின் அலையா மாத்தற பெட்டி. உங்க போன், லேப்டாப் எல்லாத்துக்குள்ளயும் சின்னதா ஒண்ணு இருக்கு. வெளியில தனியா வைக்கிறப்போ சத்தமில்லாத, சுத்தமான வேலை நடக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரீமர் என்பது நெட்டில் இருந்தோ பென் டிரைவில் இருந்தோ அந்த எண்களை எடுத்து டாக்குக்கு ஊட்டிவிடுகிற ஆள். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தும் வாங்கலாம், 2012-ல் வந்த ராஸ்பெர்ரி பை குடும்பத்தில் ஏதாவது ஒன்றை வாங்கி வாலுமியோ மாதிரி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டும் ஒப்பேற்றலாம். ரெண்டாவதுதான் ஸ்டூடன்ட் பட்ஜெட்.

இணைக்கிற வரிசை ஈஸி. பை-யில் இருந்து யு.எஸ்.பி. கேபிள் டாக்குக்கு. டாக்கில் இருந்து சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. கேபிள் ஸ்பீக்கருக்கு. எல்லா கேபிளையும் மாட்டி முடித்த பிறகுதான் கரன்ட் போடணும். டாக்கை முதலில், பிறகு பை, கடைசியாக ஸ்பீக்கர். அணைக்கும்போது தலைகீழ், ஸ்பீக்கர்தான் முதலில். இல்லேன்னா ‘டம்’முனு ஒரு அடி விழும்.

‘எல்லாம் மாட்டிட்டேன், சத்தமே வரலை’ என்பவர்கள் செட்டிங்கில் அவுட்புட் எதுன்னு பாருங்க. நிறையப் பேருக்குப் பாட்டு ஹெச்.டி.எம்.ஐ. வழியா மானிட்டருக்குப் போயிட்டிருக்கும். அங்கே யு.எஸ்.பி. டாக்கைத் தேர்ந்தெடுத்தா போதும். ஸ்ட்ரீமர் வால்யூமை முழுசா வெச்சுட்டு, குறைக்கிறதும் கூட்டறதும் ஸ்பீக்கரிலோ டாக்கிலோ இருக்கட்டும். ஆனா, அப்படி மாத்தறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் வால்யூமை அடியோட குறைச்சுடுங்க. பக்கத்து ரூமில் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கறவர் கதவைத் தட்ட வேண்டாம்!

செட்டிங்கில் 44.1, 48, 96-னு எண்கள் வரும். ஒரு விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளக்கிறாங்க என்கிற கணக்கு. 44.1 ஏன் இப்படி அரைகுறையா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினாங்க. விநாடிக்கு 50 ஃபீல்டு, ஒவ்வொன்றிலும் உபயோகமான கோடுகள் 294, கோட்டுக்கு மூன்று சாம்பிள். பெருக்கினா 44,100. அமெரிக்க, ஜப்பான் டி.வி. முறையில் 60 பெருக்கல் 245 பெருக்கல் 3... அதே 44,100! 1982-ல் சி.டி. கடைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. ஃபைல் எந்த எண்ணில் இருக்கோ அதே எண்ணில் டாக்குக்குப் போனா நல்லது. ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் 48-க்கு மாற்றித்தான் அனுப்பும். அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற காது நம்மில் ரொம்பப் பேருக்குக் கிடையாது. தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

இப்போ அந்த ‘ஊம்ம்ம்’.

பாவம், ஃபர்னஸ் மேல பழி போடாதீங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலைகளும் ரோலிங் மில்களும் இருப்பது உண்மைதான். இரும்பை உருக்குகிற இண்டக்‌ஷன் ஃபர்னஸ் கரன்ட்டைச் சகட்டுமேனிக்கு இழுக்கும், மின்சார அலையின் வடிவத்தையும் கோணலாக்கும். ஆனால், அதன் பாதிப்பு உங்க ரூம் வரைக்கும் வந்தால் லைட் மினுக்கும், சத்தமும் ஏறி இறங்கும். ஒரே ஸ்ருதியில் விடாமல் ‘ஊம்ம்ம்’ என்றால் குற்றவாளி உங்க மேஜைக்கு அடியிலேயே இருக்கான். பேர், கிரவுண்ட் லூப்.

ஸ்பீக்கருக்கு மூணு பின் பிளக், அது ஒரு எர்த். மானிட்டருக்கும் மூணு பின், அது இன்னொரு எர்த். மானிட்டரில் இருந்து ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் பை-க்கு வருது, அங்கிருந்து டாக், அங்கிருந்து ஸ்பீக்கர். ஆக, ஸ்பீக்கரில் இருந்து மண்ணுக்குப் போக ரெண்டு பாதை. ரெண்டும் சேர்ந்து ஒரு வளையம். ரெண்டு சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவில் துளியூண்டு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அந்த வளையத்தில் கரன்ட் ஓடும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதோட மடங்குகளும்தான் காதில் ‘ஊம்ம்ம்’.

உறுதிசெய்யக் காசு செலவில்லை. முதலில் டாக் வால்யூமைத் திருகிப் பாருங்க. சத்தம் மாறாம அப்படியே இருந்தா, அது டாக்குக்குப் பிறகு, அதாவது ஆர்.சி.ஏ. கேபிளிலோ ஸ்பீக்கரிலோ நுழையுது. அடுத்து ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றுங்க. கப்சிப்னு ஆயிடுச்சா? பிடிச்சுட்டீங்க. செட்டிங் எல்லாம் போன் பிரவுசரிலேயே மாத்தலாம், மானிட்டர் தேவையே இல்லை. அப்பவும் போகலைன்னா, பை-யை பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்க. லேப்டாப்பை ஸ்ட்ரீமரா வெச்சிருக்கவங்க சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில் ஓட்டினா அதே சோதனைதான். செட்டில் டி.வி.யும் சேர்ந்திருந்தால் கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்க. தெருக்கோடியில் இருந்து வேற ஒரு எர்த்தை இழுத்துட்டு வர்றதில் அவர் கில்லாடி!

‘ஊம்ம்ம்’ இல்லாமல் ‘கிர்ர்ர்’னு முள்ளு மாதிரி குத்துதா? மேலே பாருங்க, ஃபேன்! எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் 230 வோல்ட் அலையைக் கத்தரித்துத்தான் வேகத்தைக் குறைக்குது. ஃபேனை ஒரு நிமிஷம் நிறுத்துங்க, தெரிஞ்சுடும். பாட்டு நடுநடுவே ‘டப்... டப்...’னு வெட்டினா அது வேற கேஸ். பை-க்குக் கரன்ட் பத்தலை. பை 4-க்கு 3 ஆம்பியர் அடாப்டர் வேணும். பழைய போன் சார்ஜரில் ஓட்டினா திரை மூலையில் மின்னல் குறி எட்டிப் பார்க்கும். அடாப்டர் சரி, அப்பவும் வெட்டுதுன்னா வை-ஃபை. ஹாஸ்டலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஊரே உட்கார்ந்திருக்கும். இதில் இன்னொரு கூத்து, பை-யின் நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். டாக்கைக் கறுப்புப் போர்ட்டில் மாட்டுங்க. முடிஞ்சா லேன் கேபிள் போட்டுடுங்க.

கிரவுண்ட் லூப்புக்கு மருந்து? எல்லா பிளக்கையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகுங்க. எர்த் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் பாதி நோய் அங்கேயே குணமாகும். டி.வி.யில் இருந்து டாக்குக்குப் பாட்டு எடுக்கிறவங்க ஆப்டிகல் கேபிளுக்கு மாறிடலாம். அதில் போறது வெளிச்சம், கரன்ட் இல்லை. வளையமும் இல்லை. யு.எஸ்.பி.க்கு ஐசொலேட்டர் கிடைக்கும். விலை குறைந்தவை 12 மெகாபிட் வேகத்தோட நின்னுடும், சில டாக்குகள் அதில் வேலை செய்யாது. கேட்டு வாங்குங்க. ஆர்.சி.ஏ. நடுவில் போடுகிற குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் எல்லாத்திலும் சீப். மட்டமானதா இருந்தா பேஸ் கொஞ்சம் அடிவாங்கும். ரிச்சி தெருவில் எல்லாம் இருக்கு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் சென்ட்ரல் பக்கம் இறங்கிப் பொடிநடையா போயிடலாம்.

அங்கே போகும்போது இன்னொண்ணும் வாங்குங்க. மூணு லைட் எரியற சாக்கெட் டெஸ்டர். இந்தக் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது ‘ஊம்ம்ம்’ அல்ல, அவர் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்த விஷயம். ‘‘பை கேபினெட்டைத் தொட்டா சில சமயம் சுருக்குனு இருக்கு.’’

வாடகைக்கு விட அவசரமாகக் கட்டின ரூம்களில் சாக்கெட்டில் மூணு ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. மானிட்டர் மாதிரி சாதனங்களுக்குள் இரைச்சலை வடிகட்ட ரெண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கு. அவை கசிவை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லைன்னா தள்ள இடமில்லாம பாடியில் 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட் நிற்கும். கரன்ட் ரொம்பக் குறைவு, அதனால சுருக்குனு மட்டும் இருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் கேபிளை மாட்டுற நொடியில் டாக்கின் இன்புட்டைக் கொல்லலாம். பெரிய ஆபத்து, நாளைக்கு உள்ளே நிஜமாவே ஒரு வயர் கழன்றால் தடுக்க யாருமில்லை என்பதுதான். மெயின் சுவிட்ச் பக்கத்தில் ‘டெஸ்ட்’ பட்டனோட ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கட் பண்ணிடும். பட்டனை அமுக்கினா விழணும். விழலைன்னா அது சும்மா ஷோவுக்கு இருக்குன்னு அர்த்தம்.

டெஸ்டரில் எர்த் இல்லைன்னு வந்தா, நீங்களே சுவிட்ச் போர்டைக் கழற்றாதீங்க. வீட்டுக்குள் இருக்கிற எர்த் ஈ.பி. ஆபீஸ் வேலை இல்லை, ஓனர் வேலை. ‘அண்ணாச்சி, பாட்டு சரியாக் கேக்கலை’ன்னு போனா விரட்டிடுவார். ‘தொட்டா ஷாக் அடிக்குது’ன்னு மூணு பேரும் சேர்ந்து போங்க, டெஸ்டரைக் கையோட எடுத்துட்டுப் போய் அவர் கண் முன்னாடியே சொருகிக் காட்டுங்க. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் வயர் இழுத்து, அளந்து காட்டணும். டெஸ்டர், எர்த் வயர் இருக்கான்னுதான் சொல்லும், அது எவ்வளவு நல்லதுன்னு சொல்லாது. அதுவரைக்கும் மானிட்டரும் ஸ்பீக்கரும் பிளக்கை விட்டு வெளியே இருக்கட்டும். டாக், பை, ஒரு ஹெட்போன், ஒரு பவர் பேங்க்... இந்த செட்டில் 230 வோல்ட்டுக்கு வேலையே இல்லை, ‘ஊம்ம்ம்’ வரவும் வழியில்லை.