சூளைக்கு முன்னே

மட்கலத்திற்குப் பிடி பொருத்தும் குயவரின் கைத்திறம் கூர்ந்து நோக்கத்தக்கது. கலமும் பிடியும் ஒத்த ஈரத்தில் இருக்கும்பொழுதே, அம்மண்ணையே நீரிற் குழைத்துப் பூசி, அவர் இரண்டையும் ஒன்றாக்குவர். பின்னரே சூளையில் இடுவர். ஒன்று உலர்ந்தும் மற்றொன்று ஈரமாயும் இருப்பின், சுருக்கம் வேறுபட்டுப் பிடி கழன்றுவிடும். இப்பழைய உண்மை இன்றைய பீங்கான் தொழிலுக்கும் பொருந்துவதேயாம்.

வார்ப்பு இன்றி, அடுக்கின்மேல் அடுக்காகப் பொருளை உருவாக்கும் முப்பரிமாண அச்சுமுறை இந்நாளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஒளி பட்டால் இறுகும் பிசினில் அலுமினாத் தூளைக் கலந்து உருவமைப்பது அதில் ஒரு வகை. சார்லஸ் ஹல் என்பார் 1984-இல் காப்புரிமை வேண்டிய முறையின் வழிவந்தது இது. நுண்ணிய துளைகளும் மெல்லிய சுவர்களும் இதனால் செவ்வனே அமையும். ஆயின், தடித்த பகுதியினின்று பிசினை எரித்து நீக்குங்கால் வெடிப்பு உண்டாதல் எளிது. பீங்கான் குழைவை இடியாப்பம் பிழிவதுபோற் பிழிந்து அடுக்குவது மற்றொரு வகை. பருத்த உறுப்புகளுக்கு இஃது ஏற்றது. அத்துணை நுண்மை இதற்கு எட்டாது.

“ஒரு முறையினாலேயே முழுவதையும் செய்துவிடலாமே, இணைப்பு எதற்கு?” என்பார் உளர். பருமையும் நுண்மையும் ஒருங்கே வேண்டும் பொருளுக்கு அவர் கூற்றுப் பொருந்தாது. சுட்டபின் பற்றாசு வைத்து ஒட்டலாம் என்பர் வேறு சிலர். வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 780 பாகை செல்சியசில் உருகிவிடும். அலுமினாவோ 2000 பாகையிலும் உருகாது. கடுவெப்பம் தாங்க வேண்டிய பொருளில் இணைப்பு உருகிவிடின், உறுப்புகளின் வன்மையால் யாது பயன்?

ஆதலின், இருவகை உறுப்புகளையும் சுடுமுன்னரே அவற்றின் தூளாலாகிய குழம்பு கொண்டு இணைத்து, ஒருங்கே சுடுதலே அத்தகைய பொருளுக்குத் தக்கது. எனினும், அவற்றின் சுருக்கம் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஓர் உறுப்பு நூற்றுக்கு 20 பங்கும் மற்றது 16 பங்கும் சுருங்குமாயின், 100 மில்லிமீட்டர் நீளத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றும். உலோகம் வளைந்து கொடுக்கும். சுட்ட பீங்கான் வளையாது, பிளந்தே போகும். இருவகைப் பிசினும் ஊறின்றி நீங்குமாறு வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்றுதலும் வேண்டும்.

எனவே, இணைப்பைக் கடைசி வேலையாக எண்ணி ஒதுக்குதல் பெரும் பிழை. தூளின் அளவை வகுக்கும் முதல்நாளிலேயே அதனையும் கருதுதல் வேண்டும். வெவ்வேறு வழியில் பிறந்தவை ஒரே தீயைத் தாங்க வேண்டுமாயின், அத்தீயைக் காணுமுன்னரே அவை ஒத்துப்போதல் வேண்டும். குயவரின் கை அறிந்த இவ்வுண்மையைக் கணிப்பொறி கொண்டு பீங்கான் சமைப்போரும் மறவாதிருத்தல் நன்று.