பிள்ளைகளுக்குச் சேர்ந்து எழுதக் கற்றுக் கொடுப்போம்!

 

2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தது. ஜூன் 6ஆம் தேதி ‘உமீத்’ என்ற இணையதளம் திறக்கப்பட்டது. வக்ஃப் சொத்துக்களின் விவரங்களையும் ஆவணங்களையும் ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். அவகாசத்தைப் பொதுவாக நீட்டித்துத் தர டிசம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகட்டும் என்று கூறிவிட்டது.

அந்தச் சட்டத்தின் மீது நமக்குள்ள எதிர்ப்பு வேறு. அது தொடரும். ஆனால் அந்த ஆறு மாதத்தில் நம் மஹல்லாக்களில் நாம் கண்ட காட்சி என்ன? பத்திரம் ஒருவர் வீட்டு இரும்புப் பெட்டியில். பட்டா நகல் இன்னொருவர் கையில். எல்லை தெரிந்த பெரியவர் மவ்த்தாகிப் பல வருடங்கள். வாடகைக் கணக்கோ பழைய முத்தவல்லியின் நோட்டில். எல்லாவற்றையும் திரட்டி ஓர் இடத்தில் எழுதி, சரிபார்த்து, ஏற்றுவதற்கு ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தோம். கடைசியில் பிரவுசிங் சென்டர் வாசலில் போய் நின்றோம்.

அதே நேரத்தில் நம் வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்து கொண்டிருந்தான்? கையில் போனை வைத்துக் கொண்டு ரீல்ஸ் தள்ளிக் கொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் போனை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? இதுதான் இந்த இதழில் உங்கள் முன் நாம் வைக்கும் கேள்வி.

இது என்ன புதுமை?

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் புரியும்படியே சொல்கிறோம். உங்கள் கடையில் ஒரு பேரேடு இருக்கிறது. அதைக் கணக்கர் எழுதுகிறார். அவர் எழுதும்போது நீங்கள் எழுத முடியாது. நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அவர் கை ஓய்ந்திருக்கும். இப்போது நினைத்துப் பாருங்கள்: அதே பேரேடு உங்கள் கையிலும், கணக்கர் கையிலும், கோவையில் இருக்கும் தம்பி கையிலும், துபாயில் இருக்கும் மகன் கையிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஒருவர் எழுதுவது அந்த நொடியே மற்றவருக்குத் தெரிகிறது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எந்த வரியை மாற்றினார் என்பதையும் ஏடே குறித்து வைக்கிறது. அடித்ததைத் திரும்பக் கொண்டு வரவும் முடிகிறது.

கூகுள் டாக்ஸ், கூகுள் ஷீட்ஸ் என்பவை இவைதாம். 2006ஆம் ஆண்டு முதல் இருக்கின்றன. தமிழ் மண்ணில் வேர் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘ரைட்டர்’ அதற்கும் ஓராண்டு முன்பே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் வேர்டும் இணையத்தில் இப்படியே இயங்குகிறது. தனிநபருக்கு இவை இலவசம். சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே வேலை செய்யும். தமிழில் தட்டலாம். தட்டத் தெரியாத பெரியவர்கள் தமிழில் பேசினாலே எழுத்தாக விழும் வசதி 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் இருக்கிறது.

ஆக, கருவி இருக்கிறது. கற்றுக் கொடுக்கத்தான் ஆளில்லை.

மார்க்கம் நமக்குக் காட்டிய வழி

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணையிட்டுக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக் கொள்ளுங்கள், நேர்மையான எழுத்தர் எழுதட்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகளை வைத்துக் கொள்ளுங்கள், சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சோம்பாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் அதில் நமக்கு வழிகாட்டுகிறான். எழுத்தர், சொல்பவர், சாட்சிகள் என ஓர் ஆவணத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் மட்டும் எழுதி ஒருவர் மட்டும் பூட்டி வைப்பது நமக்குச் சொல்லப்பட்ட முறையல்ல.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்று, அபூபக்ர் (ரலி) அவர்கள் திருமறையைத் திரட்டும் பொறுப்பை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்ததையும் மனிதர்களின் உள்ளங்களில் இருந்ததையும் அவர் தேடித் திரட்டினார். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எடுத்தபோது நால்வர் கொண்ட குழு அமைந்தது. கருத்து வேறுபட்டால் எந்த மொழி வழக்கில் எழுதுவது என்ற விதியும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. இறைவேதத்தின் பணியோடு நம் அன்றாட வேலைகளை ஒப்பிடுவது நம் நோக்கமல்ல. ஆனால் சேர்ந்து எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, பிணக்கு வந்தால் தீர்க்க விதி வேண்டும் என்ற பாடம் நம் முன்னோர்களின் வாழ்விலேயே இருக்கிறது அல்லவா?

பள்ளிக்கூடம் கற்றுத் தரவில்லையா?

2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் கணினி பெற்றார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2018ல் வந்த பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாட்டுப் பாடத்தில் ஓபன் ஆபீஸ் ரைட்டரும் கால்க்கும் சேர்க்கப்பட்டன. இவற்றை நாம் மறுக்கவில்லை, பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணினிப் பிரிவு எடுத்த பிள்ளைக்குத்தான் அந்தப் பாடம். அதுவும் தனியாக அமர்ந்து எழுதும் பாடம். நால்வர் சேர்ந்து ஒரே கடிதத்தை எழுதுவது எப்படி, அடுத்தவர் எழுதியதை அழிக்காமல் திருத்தம் சொல்வது எப்படி என்பது பிள்ளைகளுக்குப் பழக்கமாகவில்லை. நாளை அவர்கள் போய்ச் சேரும் இடம் எது? சென்னை அலுவலகமானாலும் வளைகுடா நிறுவனமானாலும் அங்கே முதல் நாளே ஒரு லிங்க்கை அனுப்பி, “உங்கள் பகுதியை நிரப்புங்கள்” என்பார்கள். அப்போது விழிப்பவர்கள் நம் பிள்ளைகளாக இருக்க வேண்டுமா?

எப்படிக் கற்றுக் கொடுப்பது?

இதற்கு மாளிகை வேண்டாம். பள்ளிவாசல் மாடியோ மத்ரஸா அறையோ போதும். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். கல்லூரியில் படிக்கும் நம் சகோதரர் ஒருவர் ஆசிரியர். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், கற்றுத் தர ஒரு சகோதரி. வீட்டை விட்டு வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மகளும் வீட்டில் இருந்தபடியே குழுவில் சமமாக எழுத முடியும் என்பது இந்த முறையின் தனிச் சிறப்பாகும்.

முதல் வாரமே வெற்றுப் பாடம் நடத்தாதீர்கள். உண்மையான வேலை கொடுங்கள். நம் ஊர்ப் பள்ளிவாசலின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒருவன் கட்டிய வருடத்தைக் கேட்கட்டும், ஒருவன் கபரஸ்தான் நிலத்தைப் பற்றிக் கேட்கட்டும், ஒருவன் கல்வெட்டைப் படமெடுக்கட்டும், ஒருவன் தொகுக்கட்டும். அடுத்து, தெருவிளக்குக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ கலெக்டருக்கு ஒரு மனு. பிறகு, பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குக் கேள்வி பதில் தொகுப்பு. கடைசியாக, வாப்பாவின் கடை வரவு செலவை ஒரு மாதத்துக்கு ஷீட்டில் எழுதுவது.

இந்த வேலைகளுக்கு இடையே மூன்று பழக்கங்களை ஊட்டுங்கள். பிறர் எழுதியதை நேராக அழிக்காமல் ‘பரிந்துரை’ முறையில் திருத்தம் சொல்ல வேண்டும். எழுதியவர் பார்த்து ஏற்கட்டும். பார்ப்பவர் யார், கருத்துச் சொல்பவர் யார், எழுதுபவர் யார் என்று அனுமதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை கணினியில் ஏட்டின் மாற்ற வரலாற்றைத் திறந்து எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது பழக்கம்தான் உயிர். குழு வேலை என்றால் ஒருவன் எழுத, மூவர் பெயர் போட்டுக் கொள்வது வழக்கம். மாற்ற வரலாற்றில் அது மறையாது. பத்து நிமிடம் கூட எழுதாதவன் யார் என்று தெரியும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரு பக்கத்தை அப்படியே கொண்டு வந்து ஒட்டியதும் ஒரே நொடியில் விழுந்த பக்கமாக அங்கே தெரியும். பிள்ளையை அவமானப்படுத்த இதைப் பயன்படுத்தக் கூடாது. செய்யாத வேலைக்குப் பெயர் போட்டுக் கொள்வது அமானிதத்துக்கு மோசடி என்பதை இளம் வயதிலேயே உணர்த்தப் பயன்படுத்த வேண்டும்.

அச்சங்களும் நியாயமே!

“இணையம் என்றாலே பயமாக இருக்கிறது” என்று பெற்றோர்கள் கூறலாம். அந்தப் பயத்தை நாம் தள்ளிவிட மாட்டோம். சில ஒழுங்குகளைக் கடைப்பிடியுங்கள்.

பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ஒவ்வொரு ஏட்டிலும் ஆசிரியர் இருக்கட்டும். வேலை தவிர வேறு பேச்சு அங்கே வேண்டாம். லிங்க் கிடைத்த எவரும் எழுதலாம் என்று ஏட்டைத் திறந்து விடாதீர்கள். அப்படித் திறந்தால் எழுதுபவரின் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயர்தான் வரும். பெயரில்லாத சாட்சி என்ன சாட்சி? ஆதார், வங்கி விவரங்களைப் பொது ஏட்டில் ஏற்றாதீர்கள். பாஸ்வேர்டோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது முத்தவல்லிகளும் வியாபாரிகளும் கேட்க வேண்டியது. ஏடு யாருடைய கணக்கில் தொடங்கப்படுகிறதோ அவர்தான் அதன் உரிமையாளர். அவர் வெளிநாடு போய்க் கணக்கையே மறந்துவிட்டால்? இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்தி வருகிறது. ஆகவே ஜமாஅத் வேலைக்கு ஜமாஅத்தின் பெயரில் கணக்கு தொடங்கி, பொறுப்பாளர்கள் இருவர் அதை நிர்வகிக்க வேண்டும். மாதம் ஒரு முறை பிரதி எடுத்துப் பென்டிரைவிலும் தாளிலும் வையுங்கள். அந்நிய நிறுவனத்தின் பெட்டகத்தை மட்டும் நம்பி இருப்பதும், ஒருவர் வீட்டு இரும்புப் பெட்டியை மட்டும் நம்பி இருப்பதும் ஒரே தவறுதான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

1919ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951ல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. கொடுத்தவர்கள் யார்? தோல் வியாபாரிகளும் வணிகப் பெருமக்களும்தான். அவர்கள் கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுத்தது இன்றும் ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குப் பட்டம் தருகிறது. இன்றைய வியாபாரிகளிடம் நாம் கல்லூரி கேட்கவில்லை. பழைய கணினி நான்கு, இணைய இணைப்பு ஒன்று, எட்டு வாரத்துக்கு மின்சாரச் செலவு. இது உங்கள் கடையின் ஒரு நாள் வியாபாரத்துக்கு முன் எம்மாத்திரம்? ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்ததிலிருந்து கணக்குக்காக அடுத்தவர் வாசலில் காத்திருக்கிறீர்களே, உங்கள் மகனே அந்த விவரங்களைத் தொகுத்துக் கொடுத்தால் யாருக்கு லாபம்?

இளைஞர்களே! உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாத தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஸதகாதான். ஞாயிறு கிரிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கொள்ளுங்கள். உலமாப் பெருமக்களே! ஒரு ஜும்ஆவில் 282ஆம் வசனத்தை விளக்கி, பெற்றோர்களின் தயக்கத்தைப் போக்குங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! பிள்ளைகள் எழுதித் தரும் சொத்து விவரத்தை, “சின்னப் பையன் வேலை” என்று ஒதுக்காமல் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அடுத்த முறை அரசு ஓர் அவகாசம் கொடுக்கும்போது, அது வக்ஃபாக இருக்கலாம், வாக்காளர் பட்டியலாக இருக்கலாம், நாம் பெட்டியைத் தேடி ஓடக் கூடாது. ஏடு தயாராக இருக்க வேண்டும். அதைப் பாதுகாக்கும் கைகள் நான்காக இருக்க வேண்டும். அந்தக் கைகள் நம் பிள்ளைகளின் கைகளாக இருக்க வேண்டும்.

வரும் ஞாயிறே தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்று, நம் பிள்ளைகளை அமானிதம் பேணுபவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.