'உங்கள் ஆவணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை'

புதுக்குடியிருப்பில் பனையோலைப் பைகள் பின்னி விற்கும் அக்கா ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இது திரும்பத் திரும்ப ஏலாது எண்டு சொல்லுது. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ." ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகள், அங்குள்ள சிநேகிதிகளிடம் பேசி நாற்பது பைகளுக்கு ஓடர் எடுத்துக் கொடுத்திருந்தாள். பைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. காசு மட்டும் ஓர் இணையவழிப் பணச் சேவையின் கணக்கில் நின்றது. அதை எடுக்க வேண்டுமென்றால், தான் தான்தான் என்று அக்கா நிரூபிக்க வேண்டும்.

அடையாள அட்டையின் படத்தை அனுப்பினோம். தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. முற்றத்து வெயிலில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினோம். அதே பதில். படத்தில் பிழை இல்லை. அது 2009இல் மாத்தளன் வரை சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்த பழைய அட்டை. ஓரத்தால் நீர் இறங்கிப் படம் பாதி மங்கியிருக்கிறது. செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வருவதற்கு அந்த அட்டை போதுமாக இருந்தது. நாற்பது பைகளின் காசுக்குப் போதவில்லை.

சரி, முகவரியையாவது உறுதிப்படுத்துவோம் என்று அடுத்த படிக்குப் போனோம். மூன்று மாதங்களுக்கு உட்பட்ட மின்சாரப் பட்டியல் கேட்டது. பட்டியல் இருக்கிறது, ஆனால் அது கணவரின் பெயரில். கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. "பட்டியலில பேரை மாத்தலாமே அக்கா" என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "கேட்டனான் தம்பி. மரணச் சான்றிதழ் கொண்டு வரட்டாம்" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்யப்பட்டது. பிள்ளையை, கணவனை இராணுவத்திடம் கையளித்த பலர் இரண்டையுமே வாங்க மறுத்துத்தான் வீதியில் இருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கும் இந்த இடத்தில் அதனால் பயன் இல்லை. பணச் சேவையின் தெரிவுப் பட்டியலில் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கூற்று, பட்டியல் என்று ஐந்தாறு வகைகள்தான் இருக்கும். அப்படியொரு சான்றிதழ் உலகில் இருப்பதே அதற்குத் தெரியாது.

என் அனுபவம் இதைவிடச் சிறியது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாசிப்பவர்களில் பாதிப்பேருக்கு அது நடந்திருக்கும். ஐரோப்பியச் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதிய கட்டுரைக்கான காசு ஏழு வாரங்கள் முடங்கிக் கிடந்தது. என் பெயரில் தந்தையின் பெயர் முன்னால் வரும். வங்கியில் அது வெறும் முதலெழுத்து. கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயர். பணச் சேவையின் படிவத்தில் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். நான் எதை எதில் போட்டாலும் ஏதோ ஓர் ஆவணத்துடன் முரண்படும். மூன்று ஆவணங்களில் மூன்று ஆட்கள் இருப்பதாக மென்பொருள் முடிவெடுத்துவிட்டது. விளக்கி எழுதினேன். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பெயரில் கையெழுத்திட்ட ஒரே பதில் வந்தது.

தமிழர்களின் பெயர் முறையைத் தெரியாத படிவம் என்பது ஒரு சிக்கல். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொன்று. தர்ஷினி என்ற பெயரை 'ரி-எச்' போட்டு எழுதுவதா 'டி' போட்டு எழுதுவதா என்பதைப் பிறப்புப் பதிவாளர் தீர்மானிப்பதில்லை, ஏனென்றால் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் இருக்கின்றன. பாடசாலையில் ஓர் ஆசிரியர் ஒருவிதமாக எழுதுவார், பரீட்சைச் சான்றிதழில் அது பதியும். வங்கி எழுதுநர் இன்னொருவிதமாக எழுதுவார். பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலமே கிடையாது. மும்மொழியிலும் விபரம் உள்ள புதிய அட்டை 2017 ஒக்டோபரில்தான் வந்தது. அதற்கு முந்தைய அட்டையுடன் இன்னமும் நிற்பவர்களுக்கு, ஆங்கிலம் மட்டும் வாசிக்கத் தெரிந்த இயந்திரத்தின் முன்னால் பெயரே இல்லை.

இலக்கமும் குழப்பும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இல் இருந்து பன்னிரண்டு இலக்கம். பழைய இலக்கத்தில் வங்கிக் கணக்கும் புதிய இலக்கத்தில் அட்டையும் வைத்திருப்பவர், வெளிநாட்டு நிறுவனத்தின் கண்ணில் இரண்டு பேர். எங்கள் கிராம அலுவலருக்கு அது ஒரே ஆள் என்று ஒரு நொடியில் விளங்கும்.

முகவரியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மீள்குடியேற்றக் கிராமங்களில் வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கைகள் எத்தனையோ. கடிதம் சந்திக் கடையில் கொடுக்கப்படும், கடைக்காரர் ஆள் அனுப்புவார். தபாற்காரருக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால் நிறுவனங்கள் சட்டத்தைக் காட்டும். அது பொய்யல்ல. பணச்சலவையையும் பயங்கரவாத நிதியையும் தடுப்பதற்காகப் பாரிஸில் இயங்கும் எஃப்.ஏ.ரி.எஃப் எனப்படும் நிதி நடவடிக்கைச் செயலணி விதிகளை வகுக்கிறது, நாடுகள் அவற்றைச் சட்டமாக்குகின்றன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம், அதன் கீழ் 2016இல் வந்த வாடிக்கையாளர் உரிய விழிப்புக் கவன விதிகள். அப்படியிருந்தும் 2017 இறுதியில் இருந்து 2019 ஒக்டோபர் வரை இலங்கை அந்தச் செயலணியின் சாம்பல் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலில் ஒரு நாடு இருந்தால், அந்நாட்டு ஆவணத்துடன் வருபவரைக் கூடுதலாகச் சந்தேகிப்பதே நிறுவனத்துக்குப் பாதுகாப்பு.

நிறுவனங்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. 2015 மார்ச்சில் பேபால் நிறுவனம் அமெரிக்கத் திறைசேரிக்கு ஏறத்தாழ 77 இலட்சம் டொலர் செலுத்தி ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தடைகளை மீறியவையாகக் கூறப்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் 486. தடைப்பட்டியலில் இருந்த ஒருவரின் கணக்கை மென்பொருள் சுட்டிக்காட்டியபோது, மேலதிக விபரம் கேட்காமலே ஊழியர்கள் அதைத் தட்டிக் கழித்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்படியான வழக்குகளில் இருந்து இத்துறை கற்ற பாடம் எளிமையானது: ஒரு கெட்ட ஆளை விட்டுவிட்டால் தண்டம், ஆயிரம் நல்ல ஆட்களை நிறுத்திவைத்தால் ஒன்றுமில்லை. நிறுத்தப்பட்டவர் முல்லைத்தீவில் இருந்து வழக்குப் போடப் போவதில்லை.

காரணம் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் பலருக்குத் தாங்கமுடியாத எரிச்சல். ஒரு கொடுக்கல் வாங்கலைச் சந்தேகத்துக்குரியதாக அறிக்கையிட்டால் அதை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்துவது பல நாடுகளில் குற்றம். இலங்கையிலும் அப்படித்தான், பிரித்தானியாவிலும் அப்படித்தான். ஆனால் மங்கலான படத்துக்கும் முகவரிப் பிழைக்கும் அந்தச் சட்டத்துடன் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டம் சில இடங்களில் கேட்கும் மௌனத்தை நிறுவனங்கள் எல்லா இடத்திலும் வசதியாகக் கடைப்பிடிக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2014 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1373ஆம் தீர்மானத்தின் பெயரால் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் வர்த்தமானியில் பட்டியலிட்டது. ஆட்சிகள் மாற மாறப் பட்டியலும் சுருங்கியது, விரிந்தது. 2022 ஓகஸ்ட்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டார்கள். பட்டியலுக்குள் போகும்போதும் சரி, வெளியே வரும்போதும் சரி, எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. நிதி நிறுவனங்கள் இத்தகைய பட்டியல்களுடன் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கடப்பாடு உடையவை. சிவகுமார், இரவீந்திரன், ஜெயக்குமார் என்று ஒரு தலைமுறைக்கே பொதுவான பெயர்கள் உள்ள சமூகத்தில், பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எத்தனை அப்பாவிகள் அகப்படுவார்கள் என்பதை யாரும் கணக்கிட்டுச் சொல்லத் தேவையில்லை. காசு அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் ஊரின் பெயரை எழுத வேண்டாம், 'குடும்பச் செலவு' என்று மட்டும் போடு என்று புலம்பெயர் உறவுகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மறைக்க எதுவும் இல்லாதவர்களே மறைக்கப் பழகுகிறார்கள்.

ஆவணங்களைத் தாண்டினால் முகம். கமராவைப் பாருங்கள், தலையை இடப்பக்கம் திருப்புங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று திரை கட்டளையிடும். உயிருள்ள ஆள்தானா, படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று அறிவதற்காம். எறிகணைச் சிதறலில் ஒரு கண்ணை இழந்தவர் எதைச் சிமிட்டுவார்? தீக்காயத்தால் முகம் மாறியவரின் பழைய படத்துடன் இன்றைய முகத்தை எந்த மென்பொருள் பொருத்தும்? வன்னியில் இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. இந்தியாவில் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடுள்ள ஒருவரும் இதே கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, கண் சிமிட்டுவதை மட்டுமே உயிருக்குச் சான்றாகக் கொள்ளாமல் மாற்று வழிகளை ஏற்படுத்துவது உட்பட 20 பணிப்புரைகளை விடுத்தது. போரில் உடலுறுப்புகளை இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் இந்த நாட்டில் அந்தக் கேள்வியை உரத்துக் கேட்க இன்னும் ஓர் அமைப்பும் முன்வரவில்லை என்பது எனக்கு வியப்பு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அடையாளத்தைக் காட்டு என்ற கட்டளை எங்கள் ஆட்களின் காதில் வேறுவிதமாக விழுகிறது. சுற்றிவளைப்பு, வரிசை, தலையாட்டி என்று அட்டையுடன் சேர்ந்து வரும் நினைவுகள் அப்படி. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டபோதும் முதலில் கேட்கப்பட்டது அட்டைதான். முகத்தின் படமும் அட்டையின் இரு பக்கமும் எங்கே போகின்றன, யார் கையில் இருக்கப் போகின்றன என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் அவை தள்ளிப்போடப்பட்டன. அதேவேளை இந்திய நிதியுதவியுடன் உயிரியல் தரவுகளைக் கொண்ட டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னே போகிறது. பூட்டு வருவதற்கு முன் அலுமாரி நிரம்புகிறது.

வழி இல்லாமலில்லை. ஆட்பதிவுத் திணைக்களத்தின் தரவுகளுடன் இணையவழியில் ஒப்பிட்டு, நேரில் வராத வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்கான வழிகாட்டல்களை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2020இலேயே வெளியிட்டது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு அது உதவும். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தடுமாறாமல், திணைக்களத்தின் பதிவையே நேரடியாகப் பார்க்கலாம். வெளிநாட்டுச் சேவைகளுக்கு அந்தக் கதவு இல்லை. அவை படத்தையும் ஆங்கிலத்தையும் மட்டுமே நம்புகின்றன. அங்கே இப்போதைக்குக் கைகொடுப்பது கடவுச்சீட்டு ஒன்றுதான், அதன் அடியிலுள்ள இரண்டு வரிகளை எந்த நாட்டு இயந்திரமும் வாசிக்கும். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டிருப்பது அந்தவகையில் உதவி. ஆனால் வெளிநாடு போகும் எண்ணமே இல்லாத ஒருவர், தன் சொந்தக் காசை எடுப்பதற்காகக் கடவுச்சீட்டு எடுப்பது என்ன நியாயம்? கிராம அலுவலர் வழங்கி பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிடச் சான்றிதழை, ஆங்கிலத்திலும் சரிபார்க்கக்கூடிய இலக்கத்துடனும் வழங்கி, அதை ஏற்குமாறு இந்த நிறுவனங்களுடன் மத்திய வங்கி பேசலாம். பேபாலில் இலங்கையர்கள் இன்றுவரை பணம் அனுப்பலாம், பெற முடியாது. அதைத் திறக்கப் பேசுகிறோம் என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. அப்படிப் பேசும் மேசையில் இதையும் வைக்கட்டும்.

ஏனென்றால் கதவு மூடியிருந்தால் காசு நிற்காது, வேறு வழியால் போகும். 2024இல் வெளிநாட்டு வேலையாட்கள் உத்தியோகபூர்வ வழிகளில் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியதாக மத்திய வங்கி சொல்கிறது. 2022 நெருக்கடியின்போது அது 380 கோடி அளவுக்கு விழுந்ததும், மிச்சத்தில் பெரும்பங்கு உண்டியலால் வந்ததும் யாவரும் அறிந்ததே. உண்டியல்காரர் படிவம் கேட்பதில்லை. இன்னாருடைய மருமகள், இன்ன சந்திக்குக் கிட்ட வீடு என்பதே அவருக்கு அத்தாட்சி. பணச்சலவையைத் தடுக்க வந்த விதி, நேர்மையான சின்னத் தொகைகளை ஒரு தடயமும் இல்லாத வழிக்குத் தள்ளிவிடுகிறது.

பனையோலைப் பைகளின் காசை அந்தச் சேவை கடைசியில் பெறாமகளுக்கே திருப்பி அனுப்பியது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவள் அதை டொலர் தாள்களாகக் கைப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவின் கைத்தொலைபேசிக்கு அந்தச் சேவையில் இருந்து இன்னமும் குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் கணக்கைத் திறப்பதற்கு இன்னும் ஒரு படிதான் இருக்கிறதாம்.