மதம் பிடித்தது யாருக்கு?

கோயில் யானை யாரையேனும் தாக்கிவிட்டால், 'மதம் பிடித்துவிட்டது' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தனர். தெய்வானை ஒரு பிடி. ஆசிய யானைகளில் மதநீர் ஒழுகுவது வளர்ந்த களிறுகளுக்கு. தமிழகக் கோயில்களில் நிற்பவையோ பெரும்பாலும் பிடிகள். களிறு என்றும் பிடி என்றும் பிரித்துப் பெயரிட்ட மொழிக்காரர்கள் நாம். இந்த வேறுபாட்டை அறியாமலா பேசுகிறோம்? அந்தச் சொல் நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவே. பழியை யானையின் உடலில் ஏற்றிவிட்டால் சங்கிலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

காட்டில் ஒரு பிடி தனியே வாழ்வதில்லை. மூத்த பிடி வழிநடத்த, தாயும் மகளும் தமக்கையும் கூடி அலைவதே அதன் வாழ்க்கை. பசித்த பிடிக்காக யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைக் குறுந்தொகையில் காட்டிய பெருங்கடுங்கோ, யானையை அதன் உறவில் வைத்தே கண்டார். நாமோ உறவுகள் அனைத்தையும் அறுத்து, கருங்கல் தளத்தில் ஒற்றையாக நிறுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, தும்பிக்கையால் ஆசி வாங்கிக்கொள்கிறோம்.

இது மரபு என்பார்கள். மரபில் அங்குசமும் உண்டு, போர்க்களத்தில் வெட்டுண்ட யானைகளும் உண்டு. அவற்றுள் போரைக் கைவிட்டோம், மரபு அழிந்துவிடவில்லை. மேலும், தனித்து நிற்கும் பிடி ஈனப்போவதில்லை. ஒரு கோயில் யானை இறந்தால், அடுத்தது வேறொரு தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுத்தான் வர வேண்டும்.

அன்பு இல்லையா என்று கேட்கலாம். 2022 நவம்பர் இறுதியில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலை நடையின்போது சாலையில் சரிந்து இறந்தது. ஊரே அழுதது. அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் அடுத்த மாதமே, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. உரிமைச் சான்று உள்ள யானையைச் 'சமயம் அல்லது வேறு எந்தப் பயன்பாட்டுக்கும்' கைமாற்றவும் கொண்டுசெல்லவும் அதில் வழி வைத்தார்கள். அழுத நம்மில் எத்தனை பேர் அதை எதிர்த்து ஒரு வரி எழுதினோம்? நம் அன்பு யானை செத்த பிறகே கண்விழிக்கிறது.

கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023 முதல் ஓர் இயந்திர யானை திடம்பு ஏற்றுகிறது. தெய்வம் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. தமிழகக் கோயில்களுக்கு இயந்திரமும் வேண்டியதில்லை. தேரும் மரத்தில் செய்த யானை வாகனமும் நம்மிடம் முன்பே இருக்கின்றன. இருக்கும் யானைகள் தம் இனத்தோடு மண்தரையில் முதுமை கழிக்கட்டும். நாளும் உயிரைப் பணயம் வைக்கும் பாகர்கள் அங்கேயே ஊதியத்துடன் அவற்றைப் பேணட்டும். இனி ஒரு குட்டியும் கோயில் வாசலுக்கு வர வேண்டாம்.

அதன்பிறகும் யானை வேண்டும் என்று அடம்பிடித்தால், மதம் பிடித்தது யாருக்கு என்பதில் ஐயம் இராது.