அளவுகோல் நம்ம கையிலும் இருக்கணும்!

பூதலூர் வட்டார விவசாயப் பெருமக்களே!

வயல் நம்முடையது. நாற்று விட்டது, நட்டது, ராத்திரி கண் முழிச்சு தண்ணி கட்டினது எல்லாம் நாம. ஆனால் விளைஞ்சது எவ்வளவு என்று தாளில் எழுதுவது மட்டும் வேறு ஆள். அந்தத் தாளில் உள்ள எண்ணை வைத்துத்தான் நமக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகிறது.

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு ஊர் அளவில்தான் கணக்கு. ஒரு ஊருக்குக் குறைந்தது 4 இடத்தில் அறுவடைப் பரிசோதனை நடக்க வேண்டும். ஒரு இடம் என்பது 5 மீட்டருக்கு 5 மீட்டர். முக்கால் சென்ட் கூட இல்லை! அதில் கிடைக்கிற நெல்லை 162-ஆல் பெருக்கினால் ஒரு ஏக்கர் மகசூல். சராசரியில் ஒரே ஒரு கிலோ கூடிப்போனால் ஏக்கருக்கு 162 கிலோ கூடிவிடும். ஊருக்கு நிர்ணயித்த உத்தரவாத மகசூலை விடக் குறைந்தால்தான் இழப்பீடு. அப்போ அந்த ஒரு கிலோவில் ஒரு ஊரோட பொழைப்பே இருக்கு.

எந்த அலுவலர் மீதும் பழி போட இதை எழுதவில்லை. இது ஒரு ஆராய்ச்சி. எந்த ஆராய்ச்சியிலும் பலர் பார்க்க அளந்தால்தான் கணக்கு நிற்கும். அந்தப் பலரில் வயலுக்குச் சொந்தக்காரனும் சாகுபடிதாரனும் இருக்க வேண்டாமா?

"ஆராய்ச்சியெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கென்ன தெரியும்" என்று சிலர் கேட்கலாம். 2000-களில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தைப் பாருங்கள். அனந்தபூர் உள்ளிட்ட 7 வறட்சி மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட ஊர்களில், விவசாயிகளே தினமும் மழையை அளந்தார்கள். 15 நாளைக்கு ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தைக் குறித்தார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு துணை நின்றது. பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, இருக்கிற தண்ணிக்கு என்ன பயிர் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பல இடங்களில் நெல்லைக் குறைத்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தன் கையால் அளந்த கணக்கை அவனவன் நம்பினான்.

நம்ம டெல்டாவிலேயே நெல் ஜெயராமன் செய்ததும் ஆராய்ச்சிதான். 2006 முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போனவர் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-ல் அவர் மறைவதற்குள் 174 ரகங்கள் மீண்டன. ஆயிரக்கணக்கான வயல்களில் நடந்த சோதனை அது. மண்வாரியாக, மழைவாரியாக எது எப்படி விளைந்தது என்பதும் ஊர்தோறும் எழுத்தில் இருந்தால், எந்த விஞ்ஞானியும் தேடி வந்து படிப்பான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது: ஊருக்கு ஒரு நோட்டு. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடி கொண்ட பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளவுகோலால் மழையைக் குறியுங்கள். வானிலைத் துறை அளக்கிற நேரமும் அதுதான். வாய்க்காலில் தண்ணி வந்த நாள், வயல் மூழ்கிய நாள், வடிந்த நாள், பூச்சி வந்த நாள், கண்ட மூட்டை எல்லாம் எழுதுங்கள். பயிர்ச்சேதம் 33 சதவீதம் இருந்தால்தான் அரசு நிவாரணம். அதை வெறும் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்?

அரசிடம் நாம் கேட்பது:

1. அறுவடைப் பரிசோதனை நடக்கும் சர்வே எண்ணையும் தேதியையும் முன்கூட்டியே ஊரில் அறிவிக்க வேண்டும். விவசாயிகள் முன்னிலையில் எடை போட்டு, எழுதிய தாளின் நகலை அங்கேயே தர வேண்டும்.

2. ஊர் மகசூல் விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

3. ஊராட்சி தோறும் மழைமானி வைத்து, விவசாயிகள் குறிக்கும் கணக்கை வேளாண்மைத் துறை ஏற்க வேண்டும்.

4. நம் வயலில் ஆய்வு செய்தால், முடிவை நம் ஊருக்கு வந்து தமிழில் சொல்ல வேண்டும்.

இதில் சலுகை எதுவும் இல்லை. நம்ம வயலைப் பற்றிய உண்மையில் நமக்கும் பங்கு கேட்கிறோம். நோட்டோடு வாருங்கள், சங்கமாய்த் திரள்வோம்!

— சங்கச் செயலாளர், பூதலூர்