அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுதுவாங்க?

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 18 ஆண்டுகளாகக் கல்லூரியில் நாவல் இலக்கியம் கற்பித்துவரும் நமக்கு அதற்கு விடை தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கதை வகுப்பறையில் தொடங்குகிறது. நாவலின் வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில், வழக்கம்போல் மாத நாவல்களைப் பற்றி ஓர் ஏளன வாக்கியத்தை உதிர்த்தோம். வாடகை நூலகக் காதல் கதைகள், பேருந்தில் ஏறும்போது தொடங்கி இறங்கும்போது மறந்துபோகிறவை என்றோம். வகுப்பு சிரித்தது. அன்று மாலை, தன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், எங்கம்மா அஞ்சாவதோட நின்னவங்க. ரமணிசந்திரன் படிச்சுத்தான் அவங்களுக்குப் படிப்பு மறக்காம இருந்துச்சு."

அவளுடைய திருமணத்துக்குப் போனபோதுதான் அந்தத் தாயாரைச் சந்தித்தோம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுப் பேருந்து. ஊரின் பெயரிலேயே இருக்கும் கோட்டை இன்று முள்ளும் புதரும் மூடிய மேடு. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய ஜெல்டிரியா அது. சிறிது தொலைவில் அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம். அங்கே வணிகர்களின் பெயரும், மனைவியரின் பெயரும், இறந்த நாளும், குலச் சின்னமும் கருங்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் எழுத்துக்களைப் படிக்க முடிகிறது.

தாயார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அருணோதயம் வெளியிட்ட ரமணிசந்திரன் நாவல்கள், மாலைமதி, ராணிமுத்து, அட்டை போன சில பாக்கெட் நாவல்கள். எல்லாவற்றிலும் உப்புக்காற்றின் வாடை. இறால் கூடையோடு சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கியவையாம். அவற்றைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"நீங்க தமிழ் வாத்தியாராச்சே சார். இந்த அம்மா எத்தன மணிக்கு எழுதுவாங்க? அவங்க வீட்டுல சமையல் யாரு பண்ணுவாங்க?"

நாம் விழித்தோம். புதுமைப்பித்தன் வெற்றிலை போடும் பழக்கம் நமக்குத் தெரியும். ரகுநாதன் 1951லேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட்டார். க.நா.சு.வின் காப்பிப் பிரியம் தெரியும். சி.சு.செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றது தெரியும். சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' வரிசையைப் படித்தவர்களுக்கு அந்தத் தலைமுறை எப்படிப் பேசியது, எப்படிக் கோபித்தது என்பதெல்லாம் தெரியும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவர்களுள் ஒருவரான பெண்ணின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று நாம் ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு வாசகி யோசித்திருக்கிறார். காரணம் எளிது. எழுதுவது ஒரு வேலை என்பதும், வீட்டுப் பெண்ணுக்கு அந்த வேலைக்கு நேரம் எங்கிருந்தாவது பறித்துக்கொண்டு வரப்பட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊர் திரும்பியபின் தேடத் தொடங்கினோம். தேடியபோது கிடைத்தவை சில.

1901இல் பிறந்து 1960இல் மறைந்த வை.மு.கோதைநாயகி அம்மாள், காதலும் குடும்பமும் துப்பும் கலந்து 115 நாவல்கள் எழுதியவர். ஐந்தரை வயதில் மணமானவர். எழுதப் பழகியிராத நாள்களில் தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் அதை எழுதினார். பின்னர் தாமே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைப் பொறுப்பேற்று ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். 1932இல் சிறை சென்றபோது அங்கும் ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலக் காதல் நாவலாசிரியை பார்பரா கார்ட்லண்டும் வாயால் சொல்லி எழுதுவித்தவர்தாம். சோபாவில் சாய்ந்து, காலருகே வெந்நீர்ப் பையும் நாயுமாக, செயலாளரிடம் சொல்லிச் சொல்லியே எழுநூறுக்கும் மேற்பட்ட நாவல்களை முடித்தவர். அவர் வசதி இருந்ததால் சொன்னார். கோதைநாயகி எழுத்து கைவராததால் சொன்னார். கார்ட்லண்டின் சோபாவை உலகறியும். திருவல்லிக்கேணியில் இரு பெண்கள் வீட்டு வேலைகளுக்கு நடுவே, ஒருவர் சொல்ல ஒருவர் எழுத உட்கார்ந்திருந்த பொழுது நம் நாவல் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகக்கூடத் தேறவில்லை.

அடுத்தவர் 'லக்ஷ்மி' என்ற திரிபுரசுந்தரி. மருத்துவம் படிக்கையில் தந்தையால் கட்டணம் செலுத்த முடியாமற்போக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ்.வாசனை அணுகிக் கதை எழுதிப் பொருளீட்டிப் படிப்பை முடித்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இவர் தன் வரலாற்றையே 'கதாசிரியையின் கதை' என்ற பெயரில் எழுதியிருக்கிறார். ஆக, எழுதியவர்கள் எழுதித்தான் இருக்கிறார்கள். படிக்காதவர்கள் நாம். நம் கல்லூரி நூலகப் பிரதியில், நாம் எடுப்பதற்கு முன் தேதி முத்திரை விழுந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நூல்களோடு நிற்காமல், அறிந்தவர் ஒருவரையும் கேட்டோம். 25 ஆண்டுகளாக மாத நாவல்கள் எழுதிவருபவர். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய நாள் இப்படி: விடியுமுன் எழுந்து, பால் வரும்வரை எழுத்து. பால் வந்தபின் அடுப்பு. எல்லோரும் வெளியேறிய பின் காலைச் சமையலின் சூடு ஆறும் நேரத்தில் இரண்டாம் தவணை. மாலையில் எழுதுவதில்லை, மாலை வீட்டாருக்கு உரியது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை வைத்து அனுப்பிய காலம் போய், இப்போது கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார். 2014இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில், இப்படிக் கைப்பேசியில் தொடர்கதை எழுதும் பெண்கள் பெருகிவிட்டனர்.

அவருடைய சிறு இன்பங்களைக் கேட்டோம். கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைப்பாராம். பாத்திரங்களுக்குப் பெயர் அவற்றிலிருந்துதான். தாம் வாங்காத புடவைகளை எல்லாம் கதாநாயகிக்குக் கட்டிவிடுவார். கதாநாயகனின் கார் எந்த வகை என்பதை மகனிடம் கேட்டுக்கொள்வார். முதல் மணியார்டரில் வாங்கியது ஒரு மேசை விளக்கு. மற்றவர் உறங்கும்போது பெரிய விளக்கைப் போட முடியாதே. பிறகு சற்றுச் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். "என் கதைகள்ல கதாநாயகன் காப்பி குடிச்ச டம்ளரைத் தானே கழுவி வைப்பான். எல்லாக் கதையிலயும். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல."

காதல் நாவல் என்ற வகையைப் பற்றி நாம் படித்த விமர்சனங்கள் எல்லாம் சொல்லாத ஒன்றை அந்த டம்ளர் சொல்லிவிட்டது. பங்களாவும் காரும் அக்கதைகளின் மேல்பூச்சு. உள்ளே இருக்கும் ஆசை மிகச் சிறியது, மிகத் துல்லியமானது. ஒருவன் தன் டம்ளரைத் தான் கழுவ வேண்டும். ஒருத்தி பேசும்போது அவன் செய்தித்தாளைக் கீழே வைக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் யாராவது கஞ்சி வைத்துத் தர வேண்டும். எழுதுபவரின் அன்றாடத்தை அறியாதவருக்கு இவை தேய்ந்த காட்சிகள். அறிந்தவருக்கு அவை கணக்கு வழக்குகள்.

1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, ஒரு சிற்றூரின் காதல் நாவல் வாசகியரை நேரில் சந்தித்து எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. கதை என்ன சொல்கிறது என்பதோடு, புத்தகத்தைக் கையிலெடுக்கும் செயல் அப்பெண்களுக்கு என்னவாக இருக்கிறது என்றும் அவர் கேட்டார். அது தமக்கான நேரம், அப்போது தம்மை யாரும் அழைக்கக் கூடாது என்பது அவர்கள் விடையின் சாரம். கோட்டைக்குப்பத்துத் தாயாரும் இதையேதான் வேறு சொல்லில் சொன்னார். "புக்க எடுத்துட்டா புள்ளைங்க கிட்ட வராதுங்க சார். அம்மாவோட நேரம்னு தெரியும்."

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பமும் அதில் பங்குள்ள ஊர். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் காக்கும் அருமையான மரபு. ஆனால் அது ஆண்களின் பெயரில் வரும் உரிமை. பெண்ணுக்குத் தமிழில் பாடு என்றால் மற்றொரு பொருள்தான். வீட்டுக்குள் அவளுக்கென்று முறைவைத்து யாரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை. எழுதும் பெண் விடியுமுன் ஒரு பொழுதையும், படிக்கும் பெண் மீன் விற்று வந்தபின் ஒரு பொழுதையும் தாமே கட்டிக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்திராத அவ்விருவரும் அந்தப் பொழுதில் சந்திக்கிறார்கள்.

இதனால் இந்நாவல்கள் அனைத்தும் உயர்ந்த இலக்கியம் என்று நாம் வாதிடவில்லை. கதாநாயகி சிவப்பாகவே இருக்கிறாள். சாதி பேசப்படாமலே பத்திரமாக இருக்கிறது. அவமதித்தவனையும் கடைசிப் பக்கத்தில் மன்னித்துவிட வேண்டியிருக்கிறது. கோட்டைக்குப்பத்துப் பெண் இக்கதைகளில் கதாநாயகியாக வருவதை நாம் கண்டதில்லை. அதைத் தாயாரிடமே சொன்னோம். "நம்ம கதைதான் நமக்குத் தெரியுமே சார்" என்றார். அவர் சொன்னதால் அக்குறை குறையில்லை என்றாகிவிடாது. விமர்சனம் செய்யும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஒரு வகையை எடைபோடுமுன் அது எந்தக் கையால், எந்த நேரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது விமர்சகனின் கடமை. ஆண் எழுத்தாளருக்கு அதைச் செய்தோம். அவர்களின் வறுமையைக்கூடக் காவியமாக்கினோம். மாத நாவல் எழுதிய பெண்களுக்குச் செய்யவில்லை.

செய்ய வேண்டிய நேரமும் கடந்துகொண்டிருக்கிறது. ஓவியராக வேலை தேடிப்போய் எழுத்தாளரான அனுராதா ரமணன் 2010இல் மறைந்தார். எழுபது, எண்பதுகளில் வாடகை நூலகங்களை நிரப்பிய பெண்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். வேறு பலர் இல்லை. 2008இல் ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த தமிழ் வெகுஜனக் கதைத் தொகுப்பு, ரமணிசந்திரனையும் ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தது. தமிழ்த் துறைகளோ இன்னும் ஏளன வாக்கியத்திலேயே நிற்கின்றன. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் இப்படி எழுதிய ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அவருடைய ஒரு நாளைப் பதிவு செய்தாலே போதும், நம்மிடம் ஒரு வரலாறு இருக்கும். நம் வகுப்பில் இதைத் தொடங்கியிருக்கிறோம். இதைப் படிக்கும் அன்பர்களின் அத்தையோ, பக்கத்து வீட்டு அம்மாளோ அப்படி எழுதியவராக இருந்தால், அவரிடம் போய் உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுதினார் என்று கேளுங்கள்.

நம் எழுத்தாளரின் நாவல்கள் இரண்டைக் கோட்டைக்குப்பத்துக்கு அனுப்பி வைத்தோம். டம்ளரைத் தாயார் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்த்தோம். ஒரு மாதம் கழித்து மாணவி தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா ரெண்டையும் முடிச்சிட்டாங்க சார். நல்லாயிருக்காம். ஆனா அதுல இறால அவ்வளவு நேரம் கொதிக்க விடுறாங்களாம். ரப்பர் மாதிரி ஆயிடும்னு அந்தம்மாகிட்ட சொல்லச் சொன்னாங்க."

சொன்னோம். 25 ஆண்டுகளில் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அது என்றார் எழுத்தாளர். இறாலை எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லும்படி நம்மிடம் கேட்டுக்கொண்டார். கேட்டுச் சொன்னோம். அடுத்த நாவலில் திருத்திவிடுவாராம்.