விளக்கேற்றவும் உத்தரவு வேண்டுமா?

திருமலைக் குடாவைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு ஆண்டு முழுவதும் ஒளியின் ஆண்டே. தையிலே பொங்கற் பானையருகில் குத்துவிளக்கு. உயிர்த்த ஞாயிற்றின் முன்னிரவிலே, இருளாக்கிய தேவாலயத்தில் பாஸ்காத் திரியிலிருந்து கைக்குக் கை மாறும் சிறுசுடர். வைகாசிப் பூரணையில் வெசாக் கூடு. பின்னர் நவராத்திரி, தீபாவளி, நவம்பர் 2 ஆம் நாள் சேமக்காலைகளில் கல்லறைதோறும் மெழுகுதிரி, கார்த்திகையில் விளக்கீடு, மார்கழியில் நத்தார். இவற்றுள் ஒன்றிலே மட்டும் சுடரைக் கண்டதும், ‘யாருக்காக ஏற்றினாய்?’ என்று காக்கிச்சட்டை கேட்கிறது.

கார்த்திகை விளக்கீடு நேற்று முளைத்த வழக்கமன்று. வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் தீபம் வைப்பதும், கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் சிட்டி விளக்கேற்றுவதும் எம் பாட்டன் பூட்டன் காலத்து முறை. ஆனால் அது நவம்பர் 27 ஐ ஒட்டி வருகிறது. அந்நாள் போரில் வீழ்ந்தோரை நினையும் நாள். 2012 இல் இரண்டும் ஒரே நாளில் கூடின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் படையினர் புகுந்தனர், மறுநாள் எதிர்ப்புக் காட்டிய மாணவர்கள் தாக்கப்பட்டனர், நால்வர் சிறைப்பட்டனர். முருகனுக்கு ஏற்றிய சுடர் எது, மகனுக்கு ஏற்றிய சுடர் எது என்று எண்ணெயைச் சோதித்தா அறிவார்கள்? மகனுக்கே ஏற்றினாள் என்று வைத்துக்கொள்வோம். அதனாற் கவிழ்ந்த அரசு எது?

எமது நகரத்துக்கே வருவோம். 2006 சனவரி 2 மாலை, திருமலைக் கடற்கரையில் கூடியிருந்த மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 யூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. பெற்றோருக்குக் கிடைத்த நீதி அவ்வளவே. நீதிமன்றம் ஏற்றாத விளக்கைத் தாய் ஏற்றுகிறாள், அதற்கும் காவலா? 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சியவர்களையே கைதுசெய்த நாடு இது என்பதையும் வாசகர் மறந்திரார்.

இங்கே உழவர்களோடு ஒரு வார்த்தை. மெழுகுதிரி என்று நாம் வாங்குவதிற் பெரும்பாலானது பரபின் மெழுகு, மண்ணெண்ணெய்க்கு உடன்பிறப்பு, கப்பலேறி வருவது. 2022 மார்ச் 31 இல் நாடெங்கும் 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது மெழுகுதிரிக்கு எத்துணை கிராக்கி ஏற்பட்டதென்பதை யாவரும் அறிவோம். அதே வேளையில் மண்ணெண்ணெய் இன்றி மீனவரின் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. சீனன்குடாவிலோ பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றிற் பெரும்பகுதி பல்லாண்டுகளாக வெறுமையாகக் கிடந்தன. 2022 சனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 61 தாங்கிகள் இலங்கை இந்தியக் கூட்டுக் கம்பனிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்தியக் கம்பனிக்கும் பங்கிடப்பட்டன. பங்கீட்டிலே தாங்கியடியில் வாழும் குடியானவனின் பெயர் எங்கும் இல்லை. அது வேறொரு நாட் பேச்சு.

எள்ளோ எங்கள் உலர்நிலத்துப் பயிர்; சிறுபோகத்தில் நெல்லுக்கு நீர் போதாத மேட்டுக்காணியிலும் விளையும். தம்பலகாமத்து வீட்டிலும் மூதூர் வீட்டிலும் எரியும் சிட்டிக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வார்த்தால், காசு அயலவனின் மடிக்கே போகும். குயவனும் பிழைப்பான். கடற்கரைக் காற்றுக்குச் சிட்டி நில்லாது என்பார்கள்; உண்மைதான், அங்கே கடதாசிக் குவளைக்குள் மெழுகுதிரியே ஏற்றுக. தேவாலயத் திரியையும் நாம் விலக்கச் சொல்லவில்லை.

சட்டத்தரணிகளிடம் நாம் கேட்பது இதனினும் பெரிது. நினைவு நாட்களுக்கு முன்னே பொலிசார் நீதிமன்றஞ் சென்று தடையுத்தரவு பெறுவதும், எதிர்த்தரப்பில் ஆளில்லாமலே அது வழங்கப்படுவதும் நாம் கண்டவை. உத்தரவு ஒட்டப்பட்ட பின்னர் அறிக்கை விடுவதிற் பயனில்லை. திருகோணமலையிலும் மூதூரிலும் தொழில் புரியும் தமிழ்ச் சட்டத்தரணிகள் முறைவைத்து, நவம்பர் நடுப்பகுதி முதல் நாள்தோறும் ஒருவரேனும் நீதிமன்றில் ஆயத்தமாய் நிற்றல் வேண்டும். விண்ணப்பம் வந்த அன்றே எழுந்து பேசல் வேண்டும். கட்டணம் கேளாமல் வரக்கூடியவர்கள் பெயர்ப்பட்டியலை ஐப்பசி முடியுமுன்னரே கிராமங்களுக்கு அனுப்பிவைப்பார்களா?